அறிக்கையில் வரக்கூடாத ஒரு வரி

அன்புள்ள தம்பிக்கு,

நன்னடத்தை அலுவலராகச் சேர்ந்ததும், வழக்கில் சிக்கிய சிறுவர்களைப் பற்றிய பழைய சமூக விசாரணை அறிக்கைகளைப் புரட்டியிருக்கிறீர்கள். 'தகப்பன் மீதும் வழக்குண்டு, கெட்ட சகவாசம், பரம்பரைக் குணம்' என்று பலவற்றில் ஒரே வாசகம். மரபணு விஞ்ஞானமும் இதைத்தானே சொல்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அது சொல்வது வேறு.

நீங்கள் குறிப்பிட்ட எம்.ஏ.ஓ.ஏ. மரபணுவையே எடுத்துக்கொள்வோம். செரட்டோனின், டோபமின் போன்றவற்றை மூளையில் சிதைக்கும் நொதி அதிலிருந்து உருவாகிறது. அது அடியோடு வேலை செய்யாத ஆண்களை 1993இல் ஹான் ப்ரன்னர் ஒரு நெதர்லாந்துக் குடும்பத்தில் கண்டார். திடீர் மூர்க்கம், தீவைப்பு எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஆனால் அது மிக மிக அரிது. நொதி குறைவாக உருவாகும் வகையோ, ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது. உங்களிடமும் இருக்கலாம், என்னிடமும் இருக்கலாம்.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஓர் ஆய்வுக் குழு விடாமல் பின்தொடர்ந்து வருகிறது. அவர்களில் 442 ஆண்களைப் பற்றி காஸ்பி, மாஃபிட் குழுவினர் 2002இல் எழுதினார்கள். குறைந்த வகை மரபணுவோடு சிறுவயதில் வதையும் பட்டவர்கள் 12 சதவீதம்தான். வன்முறைக் குற்றத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் கணக்கில் இருந்தது. அதே மரபணுவோடு அடிபடாமல் வளர்ந்தவர்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் சில ஒத்துப்போயின, சில போகவில்லை. ஒரு பையனைக் காட்டி 'இவன் இப்படித்தான் ஆவான்' என்று சொல்லும் தெம்பு இவற்றில் எதற்கும் கிடையாது.

சரி, நமக்கு என்ன மிச்சம்? அவன் மரபணுவை நாம் பார்க்கப்போவதில்லை. வீட்டைப் பற்றிக் கேட்கலாம். 'பையனை அடிப்பீங்களா?' என்றால் எந்த அம்மாவும் 'எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே சார்' என்றுதான் சொல்வார். 'கடைசியா எப்ப அடி விழுந்துச்சு, எதால, யாரு தடுத்தா?' என்று கேளுங்கள். பெல்ட் வரும், ஒயர் வரும், தடுக்கப் போன பாட்டி கை உடைந்த கதையும் வரும். அதைத் தேதியோடு எழுதுங்கள்.

தலையில் அடிபட்டு நினைவு தப்பியதுண்டா, காது சரியாகக் கேட்கிறதா, எந்த வகுப்பில் பள்ளியை விட்டான், வீட்டருகே பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை உண்டா? கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள், விடாதீர்கள். சின்சினாட்டி நகரில் கருவிலிருந்தே ரத்த ஈய அளவு பார்க்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்தபின், அளவு கூடியவர்கள் கூடுதலாகக் கைதாகியிருந்ததை 2008இல் கண்டார்கள். தெருவில் கிடந்த ஈயம் மூளைக்குள் போய்விட்டது. இதில் உடல் எது, சூழல் எதென்று எங்கே கோடு போடுவீர்கள்?

'பரம்பரை' என்ற வரி மேல் எனக்குள்ள கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. 1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் இறங்கியது. குற்றமே செய்யாதவரும் பிறப்பை வைத்துக் கைரேகை கொடுக்க வேண்டியிருந்தது. மறுத்த பெருங்காமநல்லூர் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1952இல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதன் பேச்சு நம் அலுவலகக் கோப்புகளில் இன்னும் இருக்கிறது.

16 வயது நிரம்பிய பையன் மீது கொடுங்குற்ற வழக்கென்றால், அவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் மூன்று மாதத்துக்குள் மதிப்பிட வேண்டும். அப்போது உங்கள் தாளையும் எடுத்துப் படிப்பார்கள். ஆகவே மருத்துவரிடம் காது, தலைக்காயம் பற்றிய குறிப்பை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்; கடைசி வாரத்தில் கேட்டால் வராது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவர்