விளையாட்டு இருப்புப்பாதையும் அதன் மூன்றாந் தண்டவாளமும்

புகைவண்டியைச் சிறிதாக்கி வீட்டினுள் ஓட்டி மகிழ்வோர் மேனாடுகளில் இருசாரார். ஒருசாரார், மெய்யான வண்டியின் ஆணியும் அச்சும் பிசகாதபடி அளவெடுத்துச் சிறிதாக்குவோர். அவர் செய்வது மாதிரி வண்டி. மற்றொரு சாரார், தகரத்தாலும் வார்ப்பு உலோகத்தாலும் செய்யப்பெற்று, பளபளக்கும் வண்ணம் பூசப்பெற்று, சிறார் கைபட்டு உருளும் பொருட்டே கடைக்கு வந்த வண்டிகளை அவ்வண்ணமே வைத்து ஓட்டுவோர். அது விளையாட்டு வண்டி. முன்னவர் பின்னவரைச் சற்று இளக்காரமாக நோக்குவதுண்டு. அவர் கூறும் குற்றங்களுள் தலையாயது, விளையாட்டு வண்டியின் பாதையில் மூன்று தண்டவாளங்கள் உள்ளன என்பதாம். எந்த நாட்டுப் புகைவண்டி நடுவே ஒரு தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டு ஓடுகின்றது என்று அவர் வினவுவர். இவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வியாசத்தின் நோக்கம். விடை தெரிந்தால், வீட்டில் அத்தகைய பாதை அமைத்து ஓட்டும் முறையும் பெரும்பாலும் தெரிந்தவாறாகும்.

சிறார்க்கு உருளும் வண்டி நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில், உலரும் உணவைக் கவர வந்த கோழியின்மீது மகளிர் எறிந்த காதணி, புதல்வர் குதிரையின்றி உருட்டும் மூன்று உருளைச் சிறுதேருக்கு வழித்தடையாய்க் கிடந்ததெனப் பட்டினப்பாலை கூறுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமும் சிறுதேரே. ஆனால் சிறுதேர் முற்றமெங்கும் உருளும். புகைவண்டியோ பாதையின்றி ஓரடியும் செல்லாது. ஆகவே வண்டியை விற்பவன் பாதையையும் விற்றல் வேண்டும். இவ்வுண்மையை நன்குணர்ந்து தொழில் நடத்தியவர் ஜெர்மனி தேசத்துக் கோப்பிங்கன் நகரத்து மெர்க்லின் நிறுவனத்தார். 1891-ஆம் ஆண்டு லைப்சிக் நகர வசந்தகாலச் சந்தையில், சாவி கொடுத்தால் சுருள்வில்லின் விசையால் ஓடும் வண்டியையும், துண்டு துண்டாய்ச் சேர்த்து நீட்டிக்கொள்ளத்தக்க பாதையையும் அவர்கள் காட்சிக்கு வைத்தனர். பாதையின் அகலங்களுக்கு 1, 2, 3 என எண்ணும் இட்டனர். ஒரு பிறந்தநாளுக்கு நான்கு துண்டு, அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு பாயிண்ட் என ஆண்டுதோறும் பாதை வளரலாயிற்று. பின்னர் 1-இலும் சிறிய அகலம் வேண்டப்பட்டபோது அதற்குச் சுழியம் என்று பெயரிட்டனர். அச்சுழியத்தையே ஆங்கிலம் பேசுவோர் ஓ என்னும் எழுத்தாக வாசித்து, ஓ கேஜ் என வழங்குகின்றனர். அதன் அகலம் 32 மில்லிமீட்டர்.

அமெரிக்காவில் ஜோஷுவா லயனல் கவன் என்பார் 1900-இல் நியூயார்க் நகரில் தொடங்கிய லயனல் நிறுவனம், 1901-இல் கடைச் சாளரத்தில் வைக்கத்தக்க மின்சார வண்டியொன்றைச் செய்தது. கடையிலுள்ள சரக்கைக் காட்டுதற்கு வைத்த வண்டியையே விலைக்குக் கேட்டனர் வந்தோர் என்பது அந்நிறுவனத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 1906-இல் அந்நிறுவனம் மூன்று தண்டவாளப் பாதையை வெளியிட்டது. 1915-இல் ஓ கேஜுக்கும் வந்தது. இங்கிலாந்தில் மெக்கானோ என்னும் பொருத்து விளையாட்டைக் கண்டுபிடித்த பிராங்க் ஹார்ன்பி, லிவர்பூல் நகரிலிருந்து 1920-இல் சாவி வண்டிகளை வெளியிட்டார். சாவி வண்டிக்கு மூன்றாந் தண்டவாளம் வேண்டுவதில்லை. மின்சாரம் நுழைந்த பின்னரே அது வேண்டியதாயிற்று.

மின்சாரம் ஒரு வழியாகச் சென்று மற்றொரு வழியாக மீளல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். இரண்டே தண்டவாளமாயின், ஒன்று போகும் வழியும் மற்றது மீளும் வழியுமாம். அப்போது ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களும் ஒன்றையொன்று மின்சாரத்தால் தொடாதபடி ஒவ்வோர் அச்சிலும் காப்பிடல் வேண்டும். இன்றேல் வண்டியை வைத்தவுடன் மின்சாரம் அச்சின் குறுக்கே பாய்ந்துவிடும். மூன்று தண்டவாளப் பாதையிலோ, நடுத் தண்டவாளம் ஒன்றே காப்பிடப்பெற்றுப் போகும் வழியாகின்றது. வெளித் தண்டவாளங்கள் இரண்டும் சேர்ந்து மீளும் வழியாகின்றன. எஞ்சினின் அடியில் தொங்கும் சிறு உருளியொன்று நடுத் தண்டவாளத்தைத் தடவிச் செல்லும். சக்கரமும் அச்சும் முழு உலோகமாகவே இருக்கலாம். சிறுவன் கைதவறி விழவிட்டாலும் கெடா.

இதனினும் பெரிய பயனொன்றுண்டு. ஒரு வண்டி நேரே சென்று, குளத்தைச் சுற்றுவதுபோல் வளைந்து, வந்த பாதையிலேயே திரும்பி வருவதாகக் கொள்வோம். கயிற்றின் நுனியில் இட்ட சுருக்கைப்போன்றது அவ்வடிவம். இரு தண்டவாளப் பாதையில் இவ்வாறு வளைத்தால், சுற்றி வந்த இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தோடு சென்று சேரும். போகும் வழியும் மீளும் வழியும் முட்டிக்கொள்ளும். அதனைத் தவிர்க்கத் தனிப்பட்ட காப்பும் விசைமாற்றியும் வேண்டும். மூன்று தண்டவாளப் பாதையிலோ நடுவிலுள்ளது எப்படிச் சுழற்றினும் நடுவிலேயே நிற்கும். வெளியிலுள்ளவை இடம் மாறினும் இரண்டும் ஒன்றே. மின்னூல் அறியாத வீட்டுக்காரனும் பாதையை மனம்போனவாறு வளைக்கலாம்.

இன்னுமொரு யுக்தியைக் கேண்மின். வெளித் தண்டவாளங்களுள் ஒன்றை மாத்திரம் ஒருமுழத் தூரம் காப்பிட்டுத் தனியாக்கி, அதிலிருந்து ஒரு கம்பியைக் கைகாட்டி விளக்குக்கோ கடவுக் கதவுக்கோ இணைத்தால், வண்டி அங்கு வந்ததும் அதன் உலோகச் சக்கரங்களே இரு வெளித் தண்டவாளங்களையும் இணைத்துச் சுற்றை முடித்துவைக்கும். விளக்கு எரியும், கதவு தாழும். வண்டி கடந்ததும் பழைய நிலை மீளும். மெய்யான இருப்புப்பாதையில் வண்டி இருக்குமிடத்தைத் தண்டவாளமே அறிவிக்கும் முறையை வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் 1872-இல் வகுத்தார். அங்கும் சக்கரமும் அச்சுமே இரு தண்டவாளங்களை இணைத்துச் செய்தி கூறுகின்றன. ராபின்சன் முறையில் கம்பி அறுந்தாலும் அபாய விளக்கே தோன்றும்; விளையாட்டுப் பாதையில் அவ்வளவு பாதுகாப்பில்லை. ஆயினும் அடிப்படை ஒன்றே. தோற்றத்தில் பொய் கூறும் பாதை, தொழிலில் மெய்யைக் காட்டுகின்றது. அளவு பிசகாத மாதிரி வண்டியில் இதனைச் செய்ய மிகுந்த பாடுபட வேண்டும்.

ஏ. சி. கில்பர்ட் நிறுவனத்தார் 1946-இல் அமெரிக்கன் பிளையர் என்னும் பெயரால் இரு தண்டவாள வண்டிகளை வெளியிட்டு, எம்முடையதே மெய்யான தோற்றம் என்று போட்டியிட்டனர். அவர்தம் வண்டிகள் அழகியவையே. எனினும் 1967-இல் அப்பெயர் லயனல் வசமாயிற்று. அதற்குத் தண்டவாளமே காரணமென்பது மிகைக்கூற்றாகும். மெர்க்லின் நிறுவனத்தாரோ தம் சிறிய வண்டிகளில் நடுத் தண்டவாளத்தைக் கட்டைகளின் நடுவே சிறு புள்ளிகளாக்கி மறைத்து இன்றளவும் வழங்கிவருகின்றனர்.

இனி அமைக்கும் முறை. அமெரிக்க இல்லங்களில் 8 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள பிளைவுட் பலகையே பெரும்பாலும் தொடக்கம். ஓ கேஜின் பழைய வளைவுத் துண்டுகள் எட்டுச் சேர்ந்தால் 31 அங்குல விட்டமுள்ள வட்டம் ஆகும். 48 அங்குல அகலத்தில் அது இடங்கொள்ள, ஓரத்தில் ஒரு நிலையமும் சில மரங்களும் வைக்க இடம் மிஞ்சும். கம்பளத்தின்மீது பாதையை விரித்தல் ஆகாது. அதன் நூலிழைகள் பற்சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும். துண்டுகளை இணைக்கும் முளைகள் தளர்ந்திருந்தால் மின்சாரம் தொலைவு செல்லச் செல்லக் குன்றும். மின்மாற்றியின் அருகே பாய்ந்தோடும் வண்டி பலகையின் மறுகோடியில் தள்ளாடுவது இதனாலேயே. அப்போது கைப்பிடியை மேலும் திருப்புவது அறியாமை. முளைகளைக் குறட்டால் இறுக்கி, சில அடிக்கொரு கம்பியாகப் பலகையின் அடியிலிருந்து மின்சாரம் ஊட்டுவதே முறை. தண்டவாளத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் மேற்பூச்சுப் போய்த் துருவேறும். எஃகு நாரினால் தேய்த்தாலோ அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். சாராயம் தோய்ந்த துணியே போதும்.

மின்மாற்றியைக் குறித்துச் சற்று நின்று கூறல் வேண்டும்; உயிரோடு தொடர்புடைய செய்தி அது. பாதையில் ஓடுவது 18 வோல்ட்டுக்கு உட்பட்ட மின்சாரமே. அதனைத் தொட்டால் தீங்கில்லை. ஆனால் சுவரிலிருந்து வருவது அத்தகையதன்று. அமெரிக்க மின்மாற்றி அந்நாட்டு 120 வோல்ட்டுக்குச் செய்யப்பெற்றது. அங்குள்ள உறவினர் அன்போடு அனுப்பியதை நம் இல்லத்து 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் அது கருகிவிடும், தீயும் பற்றலாம். இடையில் மின்னழுத்தம் குறைக்கும் கருவி இன்றியமையாதது. மற்றொன்று பலரும் அறியாதது. ஒரே பாதைக்கு இரு மின்மாற்றிகள் இணைந்திருக்க, ஒன்றன் பிளக்கை மாத்திரம் சுவரிலிருந்து கழற்றிவிட்டால், மற்றதிலிருந்து பாதை வழியே வரும் சிறு மின்சாரம் கழற்றியதனுள் தலைகீழாய் நுழைந்து பெருகி, வெளியே கிடக்கும் பிளக்கின் முனைகளில் சுவர் மின்சாரத்தின் வலிமையோடு நிற்கும். கழற்றிவிட்டோம் என்னும் துணிவோடு அதனைத் தொடும் குழந்தைக்கு அது கொடிது. இரண்டையும் ஒரே விசையால் அணைக்குமாறு அமைத்தலே தக்கது. பழைய மின்மாற்றியின் கம்பியுறை வெடித்திருந்தால் புதுக் கம்பி மாற்றாமல் செருகவே கூடாது.

ஓட்டும் வகையிலும் ஒரு நுட்பமுண்டு. இவ்வண்டிகளின் பழைய மோட்டார் மாறுதிசை மின்சாரத்தில் இயங்குவது. திசை மாறினும் அதன் சுழற்சி மாறாது. ஆதலால் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தத் தனி உறுப்பு வேண்டும். எஞ்சினுள் ஒரு சிறு உருளை உள்ளது. மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி விடுந்தோறும் அது ஒரு படி திரும்பி, முன்னோக்கு, நிலை, பின்னோக்கு, நிலை என வண்டியை மாற்றும். ஊதலோ இன்னும் வியப்புடையது. 1935-இல் லயனல் வெளியிட்ட முறையில், பொத்தானை அழுத்தினால் மாறுதிசை மின்சாரத்தோடு சிறிது நேர்திசை மின்சாரமும் கலந்து அதே தண்டவாளத்தில் செல்லும். மோட்டார் அதனைப் பொருட்படுத்தாது. ஊதலின் காந்தம் மாத்திரம் அதனை அறிந்து திறக்கும். ஒரே குரலில் இருபொருள் கூறிக் கேட்போருக்கேற்ப விளங்கவைக்கும் நம் சிலேடைப் புலவரை நினைப்பூட்டுகின்றது இது. இக்காலத்துப் புதிய வண்டிகளைக் கைத்தொலைபேசியாலும் ஓட்டுகின்றனர். வசதி மிகுதி, வியப்புக் குறைவு என்பது எம் கருத்து.

இவ்வண்டிகள் கிறிஸ்துமஸ் மரத்தின் அடியில் ஓடுவது அமெரிக்க இல்லங்களில் பெருவழக்கு. பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்னும் ஊரை அமைத்த மொரேவிய சபையார், பண்டிகைக் காலத்தில் பாசியும் மரக்கட்டையும் கொண்டு கர்த்தரின் பிறப்புக் காட்சியை வீட்டில் அமைப்பர். அதற்குப் புட்ஸ் என்று பெயர். மரத்தடியில் சிற்றூரும் மலையும் அமைக்கும் இத்தகைய வழக்கத்தோடு பிற்காலத்தில் புகைவண்டியும் சேர்ந்துகொண்டது. 1760-இல் நம் தரங்கம்பாடிக்கு வந்தவரும் இச்சபையாரே. மரத்தில் தொங்கவிடும் பளபளப்பான சரிகைக் கீற்றுகள் முற்காலத்தில் ஈயத்தால் ஆனவை. அவற்றுள் ஒன்று நழுவித் தண்டவாளங்களின் குறுக்கே விழுந்தால் பொறி பறந்து வண்டி நின்றுவிடும். காதணி கிடந்து சிறுதேரை மறித்த பட்டினப்பாலைக் காட்சியே இங்கும் மீள்கின்றது.

முடிவாக, இவ்வண்டிகளை உடையோரிடையே நிகழும் வழக்கொன்று. பழைய வண்டிகளைத் தொகுப்போர் 1954-இல் பென்சில்வேனியாவில் ஒரு சங்கம் கண்டனர். 1977-இல் ஸ்ட்ராஸ்பர்க் என்னும் ஊரில் காட்சிச்சாலையும் திறந்தனர். வண்ணத்தில் கீறலில்லாததும் மூலப் பெட்டி கிழியாததுமான வண்டிக்கு விலை மிகும். ஓட்டினால் சக்கரம் தேயும், விலை இறங்கும். ஆகவே ஓட்டாது பெட்டியிலேயே வைப்போர் பலர். உலகப்போரினால் 1942-இல் விளையாட்டு வண்டித் தொழில் நின்றபோது, லயனல் நிறுவனம் 1943-இல் அட்டையால் செய்த வண்டியை விற்றது. அத்தகைய அரிய பொருளைப் பேணி வைத்தலே நன்று. அட்டை ஓடித் தாங்காது. ஆனால் இலக்கக்கணக்காய்ச் செய்யப்பெற்ற இரும்பு எஞ்சினை ஓட்டாது வைத்தல், ஏட்டை அவிழ்க்காமல் பட்டுத்துணியில் கட்டிப் பூசிப்பதற்கு ஒப்பாகும். அவ்வேடுகளுள் பல செல்லுக்கு இரையானமை தமிழ் பயில்வோர் அறிந்ததே.

ஐம்பதாண்டு உறங்கிய எஞ்சினை எழுப்ப வேண்டுவன சிலவே. கெட்டியாய்ப்போன பழைய மசகை வழித்தெடுத்து, அச்சுமுனைகளுக்கு ஒவ்வொரு துளி எண்ணெயும் பற்சக்கரத்துக்குச் சிறிது மசகும் இடுக. மிகுதியாக இட்டால் அது தண்டவாளத்தில் படிந்து சக்கரம் வழுக்கும். உருளி தேய்ந்திருந்தால் மாற்றுக. பெட்டிகளை இணையாமல் எஞ்சினை மாத்திரம் பாதையில் வைத்து, கைப்பிடியை மெல்லத் திருப்புக. முதலில் உறுமும்; பின் சிறிது ஓசோன் மணம் எழும்; அதன்பின் நகரும். பத்துச் சுற்று ஓடிய பிறகு பெட்டிகளை மாட்டலாம்.