ஹெபடைடிஸ் பி இருந்தால் குழந்தை பெறலாமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மகன் சபர் போவதற்காக எடுத்த மெடிக்கலில் 'தகுதியில்லை' என்று வந்துவிட்டது. ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதாம். வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனை உண்டு என்பதால், நம் பிள்ளைகள் பலருக்கு இந்தச் செய்தி இப்படித்தான் முதன்முதலில் தெரியவருகிறது. பையன் ஆரோக்கியமாகத்தான் இருந்தான். ஆனால் நிக்காஹுக்கு இரண்டே மாதம். "பெண் வீட்டுல சொல்லணுமா? பிள்ளை பிறந்தா அதுக்கும் வருமா?" என்று கேட்டவரின் கை நடுங்கியது.

அன்று நான் சொன்ன பதில் தப்பு. "மருந்து சாப்பிட்டுச் சரியாகட்டும், அதுவரைக்கும் ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுங்க" என்றேன். சாதாரண மஞ்சள் காமாலை மாதிரி என்று நானும் நினைத்திருந்தேன். பிறகு ஒரு கல்லீரல் மருத்துவரிடம் அவர்களை அழைத்துப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. அவரிடம் கேட்டதையும் பின்னர் படித்ததையும் எழுதுகிறேன்.

தண்ணீராலும் உணவாலும் வருகிற மஞ்சள் காமாலை வேறு. அது பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் வழியாகவும், கணவன் மனைவி உறவின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிறது. ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடுவதால் வராது. முஸாஃபஹா செய்வதாலோ, கட்டித் தழுவுவதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ வராது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கிருமி இருக்கிறது என்று தெரிந்ததும் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒதுக்க வேண்டியது தட்டை அல்ல. ஷேவிங் ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி இவற்றைத்தான். காய்ந்த ரத்தத்திலும் இந்தக் கிருமி குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். எனவே ஹிஜாமா எடுக்கும் இடத்தில் பிளேடும் கப்பும் உங்கள் கண்முன் புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். கத்னாவுக்கும், ஏழாம் நாள் குழந்தைக்கு முடி இறக்குவதற்கும், காது குத்துவதற்கும் இதே கவனம் வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இனி கணவன் மனைவி விஷயம். கணவருக்குக் கிருமி இருந்து மனைவிக்கு இல்லையென்றால், மனைவியை முழுமையாகப் பாதுகாக்கத் தடுப்பூசி இருக்கிறது. முதலில் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை. ஏற்கெனவே கிருமியோ எதிர்ப்புச் சக்தியோ இல்லை என்று தெரிந்தால் மூன்று ஊசிகள்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிட்டதா என்று ஒரு பரிசோதனை. அளவு 10க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. அதுவரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். பிள்ளைப் பேற்றையும் அதுவரை தள்ளிவைப்பது நல்லது. தகப்பனிடமிருந்து கருவுக்கு நேராகக் கிருமி போவதல்ல பயம். தகப்பனிடமிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்பதுதான் வழி. தாய்க்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

"எங்க பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று சொல்லும் உம்மாமார்கள் கவனிக்க வேண்டும். அரசு தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி நாடு முழுவதற்கும் விரிந்தது 2011இல்தான். இன்று கல்யாண வயதில் இருக்கும் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள்.

தாய்க்கே கிருமி இருந்தால்? இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பெரியவர்களாகி இந்தக் கிருமி தொற்றுகிறவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. பிறக்கும்போது தொற்றினால் கணக்கு தலைகீழ்: நூற்றுக்கு 90 குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பல வருடம் சத்தமில்லாமல் இருந்து, நடுவயதில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம். அந்த வாலிபனுக்கும் இப்படித்தான் வந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னார். அவனுடைய உம்மாவையும் சகோதரர்களையும் பரிசோதிக்கச் சொன்னார். ஒழுக்கத்தைச் சந்தேகிக்க இதில் இடமே இல்லை என்று அவர் சொன்னபோதுதான் அந்தத் தகப்பனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் தாய்க்கு இருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்ற முடியும். கர்ப்பம் தரித்த முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனை செய்ய வேண்டும். கிருமி இருந்தால், எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் டி.என்.ஏ. பரிசோதனை ஒன்று உண்டு. எண்ணிக்கை 2 லட்சத்துக்கு மேல் போனால் ஏழாவது மாதம் வாக்கில் டெனோஃபோவிர் மாத்திரை தொடங்குவார்கள். கர்ப்பிணிகளுக்கு அது பாதுகாப்பானது. குழந்தை பிறந்ததும் 12 மணி நேரத்துக்குள் இரண்டு ஊசிகள்: ஒரு தொடையில் தடுப்பூசி, இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின். பிறகு 6, 10, 14ஆவது வாரங்களில் போடும் பெண்டாவலன்ட் ஊசியிலேயே ஹெபடைடிஸ் பி மருந்தும் அடங்கியிருக்கிறது. இதற்காக மட்டும் ஆபரேஷன் பிரசவம் தேவையில்லை. தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். பிள்ளைக்குத் தொற்றவில்லை என்பதை ஒன்பது மாதம் முடிந்த பிறகு செய்யும் பரிசோதனை காட்டிவிடும். அதற்கு முன் செய்தால் முடிவு குழப்பும்.

இம்யூனோகுளோபுலின் எல்லா ஆஸ்பத்திரியிலும் கையிருப்பில் இருக்காது. பிரசவ வலி வந்த பிறகு தேடினால் 12 மணி நேரம் அதிலேயே போய்விடும். எட்டாவது மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டு ஏற்பாடு செய்துவிடுங்கள். பரிசோதனைச் சீட்டின் நகலைப் பிரசவப் பையில் வையுங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்குள்ள டாக்டருக்கு எதுவும் தெரியாது. மாமியாரிடமிருந்து மறைப்பதற்காக மருமகள் சீட்டை ஒளித்துவைத்து, குழந்தைக்கு ஊசி போகாமல் விட்டுப்போனதையும் கேள்விப்பட்டேன்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காதவர் இல்லை. 1988இல் நம் சென்னை ஆய்வாளர்கள் அதைப் பரிசோதித்து, பலருக்குக் கிருமி நீங்கியதாக லான்செட் இதழில் எழுதினார்கள். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அந்த ஆய்வில் பங்கேற்றவர். ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் சீறி எழலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும். மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை எல்லோருக்கும் வேண்டும். 2018 முதல் நடக்கும் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

அந்த நிக்காஹ் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பெண் வீட்டாரிடம் தகப்பனாரே போய்ச் சொன்னார். நான் கூடப் போனேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பெண்ணின் தாய்மாமன் போன் செய்து, "முதல் ஊசியை எங்கே போடலாம்?" என்று கேட்டார். நிக்காஹ் குறித்த தேதியிலேயே நடந்தது. மருமகளுக்கு ஆறாவது மாத ஊசி வரும் ஷஃபானில்.