பழைய ஜீப்பும் அதன் ஏடும்

மழை விட்ட மறுநாள் பாக்கம்மலை அடிவாரத்து நிலங்களுக்குப் போகும் வண்டிப்பாதையைக் கண்டிருக்கும் உறுப்பினர்களுக்கு, ஜீப் வண்டிக்குச் செஞ்சி வட்டாரத்தில் இன்றளவும் மதிப்பு இருப்பதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. விதைக் கடலையையும் உர மூட்டையையும் நிலம் வரை கொண்டுபோகவும், விளைந்ததை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுவரவும், உறுப்பினர்களாகிய நாங்கள் ஐவர் பங்கு போட்டு, 1997ஆம் ஆண்டில் ஓர் அலுவலகத்தின் ஏலத்தில் ஒரு ஜீப்பை எடுத்தோம். அது 1984ஆம் ஆண்டில் செய்யப்பட்ட வண்டி. அதற்கு இன்று நாற்பது வயது கடந்துவிட்டது, இன்னும் ஓடுகிறது. எவ்வாறு ஓடுகிறது என்று கேட்பவர்களுக்கு விடையாகவும், எங்களுக்கு நேரவிருந்த ஒரு பெருந்துன்பம் பிறருக்கு நேராதிருக்கும் பொருட்டும் இக்கட்டுரையை எழுதலானேன்.

வண்டி வாங்கிய நாள் முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதனை ஒருவரே ஓட்டிவந்தார். எங்களுக்கெல்லாம் மூத்தவர். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியதால், 2023ஆம் ஆண்டில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பின் பங்குதாரர் ஒருவருடைய மகன் ஓட்ட முன்வந்தான். தொழிற்கல்வி பயின்றவன், கார் ஓட்டுவதில் தேர்ந்தவன், பொறுப்புள்ள பிள்ளை. 2024ஆம் ஆண்டு ஆவணியில், மூட்டைகளை இறக்கிவிட்டு ஒரு சரிவில் வரும்போது, இடப்பக்கப் பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. அவன் முறைப்படி வண்டியை நிறுத்தினான், கியரில் போட்டான், கைப்பிரேக்கை இறுக இழுத்தான், ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்கினான். சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் வண்டி முன்னே நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. வண்டி விழுந்து, அதே வேகத்தில் சரிவில் உருண்டு, ஒரு புளியமரத்தில் முட்டி நின்றது. மாற்றுச் சக்கரத்தை எடுக்க அவன் அப்பொழுதுதான் எழுந்திருந்தான். ஒரு நிமிடம் முன்பாயிருந்தால் அவன் கை அந்த ஆக்சிலுக்கு அடியில் இருந்திருக்கும்.

"பிரேக்கை இழுத்துத்தானே வைத்தேன், பெரியப்பா!" என்று நடுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னான். அவன் சொன்னது உண்மை. அவன் அறிந்த கார்களுக்கு அவன் செய்தது சரி. இந்த வண்டிக்கு அது சரியன்று.

மாலையில் மூத்தவர் வீட்டுக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கல் வைக்காமல் நான் ஒருநாளும் தூக்கினதில்லையப்பா. அதைச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை" என்றார். இருபத்தைந்து ஆண்டு அறிவு ஒரு மனிதரின் கையோடு இருந்தது. கை ஓய்ந்தபோது அறிவும் வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் ஐவரில் எவரும் அதைக் கேட்டு எழுதி வைத்தோமில்லை. சங்கத்தில் ஒரு ரூபாய்க்கும் பேரேட்டில் வரி எழுதும் நாம், உயிரைச் சுமக்கும் வண்டிக்கு ஓர் ஏடு வைக்காதிருந்தோம்.

கைப்பிரேக்கின் செய்தியை முதலில் விளக்குகிறேன். பெரும்பாலான கார்களில் கைப்பிரேக்கு இரு பின் சக்கரங்களையும் நேராகப் பற்றும். பழைய வில்லிஸ் அமைப்பில் வந்த ஜீப்புகளில் அப்படியன்று. நான்கு சக்கரங்களுக்கும் இழுவையைப் பங்கிட்டுத் தரும் துணைக் கியர்ப் பெட்டியின் பின்புறத்தில் ஒரு சிறு டிரம் உண்டு. கைப்பிரேக்கு அந்த டிரம்மையே பற்றுகிறது. ஆகவே நிறுத்தப்படுவது பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு. சக்கரங்கள் அந்தத் தண்டின் வழியாகவே நிற்கின்றன. இரண்டு சக்கரமும் தரையில் ஊன்றியிருக்கும் வரை குறையில்லை. ஒன்றைத் தூக்கியதும், ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் தன் இயல்பைக் காட்டும். தண்டு நின்றிருக்கும்போதே, தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுழன்றால் தரையிலுள்ள சக்கரம் எதிர்த்திசையில் சுழல இடமுண்டு. வண்டி நகர்ந்துவிடும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதைதான். கியரும் அந்தத் தண்டைத்தானே பிடிக்கிறது. முன் ஆக்சிலையும் இழுவையில் சேர்த்துக்கொண்டால் பிடிப்பு கூடும் என்பது மெய்யே. ஆயினும் தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நல்ல கல்லோ மரக்கட்டையோ கொடுத்த பின்னரே ஜாக்கியைத் தொட வேண்டும். உங்கள் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய, அடியில் குனிந்து துணைப் பெட்டியின் பின்னால் டிரம் உண்டா என்று பார்த்தால் போதும். இன்னொன்று: அந்தப் பெட்டியின் ஆயில் சீல் தேய்ந்தால், ஒழுகும் ஆயில் நேரே அந்த டிரம்முக்குள் இறங்கும். பிறகு கைப்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் அது வழுக்கும்.

அன்றிலிருந்து மூன்று மாலைகள் மூத்தவர் திண்ணையில் அமர்ந்து சொல்ல, பையன் எழுதினான். நூறு பக்கத்து நோட்டுப் புத்தகம் ஒன்று அரைவாசி நிறைந்தது. நெசவாளர் உறுப்பினர்களுக்கு இது வியப்பாயிராது. ஒரு தறி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும் முதல் வாரத்தில் இழை ஏன் அறுகிறது, மிதிபலகைக் கயிற்றை எந்த இடத்தில் ஒரு விரற்கடை தளர்த்த வேண்டும் என்பன தறியைச் செய்த தச்சனுக்கும் தெரியா; அதில் அமர்ந்தவருக்கே தெரியும்.

ஏட்டில் உள்ளவற்றில் சில எங்கள் வண்டிக்கு மட்டுமே உரியவை. பழைய வில்லிஸ் அமைப்பில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு எதிர்மறை உண்டு; வழக்கமான திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று போல்ட்டை முறித்தவர்கள் பலர். எங்கள் வண்டியிலோ, என்றோ ஒரு பட்டறையில் இடப்பக்க முன் சக்கரத்துப் போல்ட்டுகளை மட்டும் சாதாரண மறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே ஒரே பக்கத்தில் முன் சக்கரம் ஒரு திசையிலும் பின் சக்கரம் மறு திசையிலும் கழலும்! இப்பொழுது சக்கரத்தின் மேலே மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் அம்புக்குறி இட்டிருக்கிறோம்.

மற்றவை இவ்வகை வண்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். நான்கு சக்கர இழுவையைத் தார்ச் சாலையில் வைத்துக்கொண்டு ஓட்டலாகாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தொலைவு ஓட வேண்டியிருக்கிறது. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாமையால், முறுக்கு முழுவதும் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறி, கடைசியில் இழுவையை விடுவிக்கும் கம்பியே அசையாது போகும். அப்பொழுது கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம். வண்டியை நேராகச் சில அடி பின்னுக்கு எடுத்தால் முறுக்கு இளகிக் கம்பி தானே வரும். முன்னே புது டயரும் பின்னே தேய்ந்த டயருமாக ஓட்டினாலும் இதே தொல்லை உண்டாகும்.

பழைய வண்டிகளின் கால்பிரேக்கு ஒற்றைக் குழாய் வழியைச் சேர்ந்தது. நான்கு சக்கரத்தில் எந்த ஒன்றில் கசிந்தாலும் நான்குக்கும் பிரேக்கு இல்லை. பெடல் வழக்கத்துக்கு மேல் ஒரு விரல் தாழ்ந்து போனாலே அன்றைய பயணத்தை நிறுத்திவிட வேண்டும் என்று மூத்தவர் சொன்னதை ஏட்டில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறோம். பிரேக்கு ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவது நலம். சங்கராபரணியாற்றிலோ ஓடையிலோ நீரில் இறங்கி ஏறினால், சற்றுத் தூரம் மெல்லப் பெடலை அழுத்தியவாறே ஓட்டி டிரம்களை உலர்த்த வேண்டும்.

ஸ்டியரிங் நடுக்கத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் குழியில் ஏறி இறங்கியதும் முன் சக்கரங்கள் வெறிபிடித்தாற்போல ஆடத் தொடங்கும். பலர் ஸ்டியரிங் பெட்டியின் மேல் பழிபோட்டு அதை இறுக்கிவிடுகிறார்கள். இது பிழை. குற்றம் பெரும்பாலும் கிங்பின் பேரிங், இணைப்புக் கம்பிகளின் முனைகள், வில்லின் புஷ்கள் ஆகியவற்றின் தேய்மானத்தில் இருக்கும். மாதம் ஒருமுறை எல்லா நிப்பிள்களிலும் பழைய கிரீஸ் வெளிவரும் வரை புதுக் கிரீஸ் ஏற்றினால், இந்தச் செலவில் பாதி வராது.

எங்கள் வண்டி பெட்ரோல் எஞ்சினோடு வந்தது. சித்திரை வெயிலில் இந்தப் பாறை மலைகளின் இடையே மெல்ல ஏறும்போது, பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் கால்மணி காத்திருப்போம். பெட்ரோல் செலவு தாங்காமல் 2003ஆம் ஆண்டில் 2,112 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சினைப் பொருத்தினோம். எஞ்சினை மாற்றுவோர் அதைப் பதிவுச் சான்றிதழிலும் ஏற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் விபத்து நேர்ந்த நாளில் காப்பீட்டில் சிக்கல் வரும். டீசலுக்கு வேறொரு குணம்: தொட்டி வற்றும் வரை ஓட்டினால் குழாயில் காற்று புகுந்துகொள்ளும். பிறகு டீசல் ஊற்றினாலும் கிளம்பாது. வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும் வரை கைப்பம்பை அடித்து, திருகை இறுக்கிய பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதற்காக இரவு முழுவதும் காட்டில் நின்றவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன்.

இத்தனை தொல்லை உடைய வண்டி இத்தனை காலம் எப்படி நிலைத்தது? அமெரிக்க இராணுவத்துக்காக 1940ஆம் ஆண்டில் பான்டம் என்ற சிறு கம்பெனி முதல் மாதிரியைச் செய்தது. போர்க் காலத்தில் வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவற்றைச் செய்தன. நம் நாட்டில் மகிந்திரா கம்பெனியார் 1940களின் இறுதியில் பம்பாய் மஜகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின், வட்டார அலுவலர் வருகிறார் என்பதை ஜீப்பின் ஒலியைக் கொண்டே கிராமங்கள் அறிந்துகொண்டன. அந்த அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதும் மாறாமல் தொடர்ந்தது. ஆகையால் ஒரு வண்டியின் பாகம் மற்றொரு வண்டிக்குப் பொருந்துகிறது. சுத்தியலும் ஸ்பேனரும் உடைய மெக்கானிக் எவரும் கை வைக்க முடிகிறது. டார்ஜிலிங் பகுதியில் மானேபஞ்சனிலிருந்து சண்டக்பூ மலைக்கு, 1950களில் செய்யப்பட்ட லேண்ட்ரோவர்கள் பல பத்தாண்டுகள் பயணிகளை ஏற்றிச் சென்றதும் இவ்வாறுதான்.

ஆனால் இந்த வசதி என்றும் நிற்குமென்று எண்ணக்கூடாது. அரசுத் துறைகளின் வாகனங்களில் 15 ஆண்டு கடந்தவை 2023 ஏப்ரல் 1 முதல் பதிவை இழந்தன. ஏலத்தில் பழைய அரசு ஜீப்பை எடுத்து ஓட்டும் காலம் முடிந்தது. தனியார் வண்டிக்கு முதற் பதிவு 15 ஆண்டு. அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கிறார்கள். எங்கள் வண்டிக்கு 2024இல் புதுப்பித்தாயிற்று. அடுத்த முறை 2029.

அதுவரை வைத்திருப்பதா, விற்றுவிடுவதா என்று பங்குதாரர் ஐவருக்குள் இன்னும் ஒருமனம் ஏற்படவில்லை. பையனின் தகப்பனார் விற்கவே சொல்கிறார். புளியமரத்தைப் பார்த்தவர் அவர். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. வண்டி நல்லதென்று நான் வாதாடவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வேறெதுவும் போவதில்லை என்பதே என் கட்சி. ஓர் உடன்பாடு மட்டும் ஆகியிருக்கிறது: ஏட்டை முழுவதும் படித்துக் கையெழுத்திடாதவர், ஐவரில் ஒருவராயினும், சாவியைத் தொடக்கூடாது. வண்டியை விற்றால் ஏட்டையும் வாங்குபவரிடம் சேர்த்தே கொடுப்பது. இரண்டு மரக்கட்டைகளைக் கயிற்றில் கட்டி ஜாக்கியோடு பிணைத்திருக்கிறோம். கட்டையை எடுக்காமல் ஜாக்கியை எடுக்க இயலாது. இந்த யோசனை பையனுடையது.

வலப்பக்க முன் சக்கரத்துக் கிங்பின் பேரிங் ஒன்றும், துணைப் பெட்டியின் பின் ஆயில் சீல் ஒன்றும் உடனே மாற்ற வேண்டியிருக்கின்றன. நூல் வாங்கவோ வேறு அலுவலாகவோ சென்னைக்குச் செல்லும் உறுப்பினர் எவரேனும் புதுப்பேட்டைக் கடைகளில் விசாரித்து வர இயலுமானால், அளவு எழுதிய சீட்டு என்னிடம் உள்ளது.