முதல் அலமாரிக்கு உளி வேண்டாம்

முடிச்சூரில் தரைத்தள வீட்டில் இருக்கிறோம். என் கையாலேயே ஒரு புத்தக அலமாரி செய்ய ஆசை. ஆனால் உளியைக்கூடத் தொட்டதில்லை. எப்படித் தொடங்குவது?
– வாசகி, முடிச்சூர்

தாராளமாகச் செய்யலாம் அம்மா. உளியே தேவையில்லை. டேப், மூலைமட்டம், டிரில், ஸ்குரூ, ஃபெவிகால், உப்புத்தாள் போதும். அளவை எழுதிக் கொடுத்து, பிளைவுட் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள்.

பலகையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி உங்கள் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பார்ட்டிக்கிள் போர்டு தண்ணீர் குடித்து உப்பினால் அவ்வளவுதான், மீட்க முடியாது. ‘எம்.ஆர்.’ ரகப் பிளைவுட் ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது. ‘ஐஎஸ் 710’ முத்திரையுள்ள 18 மி.மீ. பலகை கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அதன் பசை கொதிநீரிலும் விடாது.

தட்டின் நீளம் இரண்டரை அடியைத் தாண்ட வேண்டாம், புத்தகப் பாரத்தில் நடுவே தொய்யும். உயரம் மூன்றடி போதும். ஒன்றரை அங்குல ஸ்குரூவை நேரே முடுக்கினால் பலகையின் ஓரம் பிளக்கும். முதலில் மெல்லிய பிட்டால் துளையிட்டு, ஃபெவிகால் தடவிப் பிறகு முடுக்குங்கள்.

அடியில் நான்கு அங்குலக் கால்கள் வையுங்கள். நீர் முதலில் ஏறுவது வெட்டிய ஓரங்களில்தான். அங்கே பிரைமரும் இரண்டு கோட் பெயின்டும் அவசியம். ஐப்பசி மழையில் பெயின்ட் காயாது, தை பிறந்ததும் அடியுங்கள்.