பட்டமா, பாட்டா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகள், "பாட்டு போதும், கல்லூரி வேண்டாம்" என்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் சேர்ந்தே நடக்கும். கர்நாடக இசைப் பாடகர் சஞ்சய் சுப்ரமணியன் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட். பாடகி எஸ். சௌம்யா சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் முதுகலை முடித்து, இசையில் முனைவர் பட்டமும் பெற்றவர். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது சஞ்சய்க்கு 2015இல், சௌம்யாவுக்கு 2019இல்.

சென்னையின் மார்கழி இசை சீசனில் புதியவர்களுக்குப் பெரும்பாலும் மதியக் கச்சேரிதான். அனுமதி இலவசம், சன்மானம் சொற்பம். மாலை மேடைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை கைகொடுக்க ஒரு படிப்பு வேண்டும்.

அதற்காக விடியற்காலை அகார சாதகத்தை ('ஆ' என்று பாடும் குரல் பயிற்சியை) நிறுத்தச் சொல்லாதீர்கள். குரல் பதப்படும் வயது இது.

இசையையே படிக்க விரும்பினால் சென்னை, திருவையாறு, மதுரை, கோவையில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. மகளை அழைத்துப்போய் நேரில் விசாரியுங்கள்.