ஆடுகளமும் ஏறுபடியும்

திருப்பூருக்குத் தெற்கே, பல்லடம் செல்லும் வழியை ஒட்டி வீரபாண்டி என்னும் ஊர் உள்ளது. முன்பு தனி ஊராட்சியாக விளங்கிய அவ்வூர், 2011ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. பின்னலாடைத் தொழிலே அங்கு வாழ்வோர்க்குப் பிழைப்பு. மாலைப் பொழுதில் காலி மனை ஒன்று கிடைத்தால் போதும். சிறுவர் இரண்டு செங்கற்களை நட்டுக் கோல் எல்லை வகுத்துக்கொண்டு பந்தை உதைக்கத் தொடங்கிவிடுவர். ஆட்டம் முடியும்பொழுது முழங்கால்வரை செம்மண் ஏறியிருக்கும். பசும்புல் ஆடுகளத்தைக் காண விரும்பும் சிறுவன் மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்று, கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கை அடைதல் வேண்டும்.

அவ்வரங்கில் 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள் ஓர் ஆட்டம் நடைபெற்றது. ஐ-லீக் என்னும் தேசியத் தொடரின் இறுதி நாள் அது. சென்னை சிட்டி என்னும் கழகம், கோயம்புத்தூரைத் தன் களமாகக் கொண்டு அவ்வாண்டு ஆடி வந்தது. எதிரே நின்றது மினர்வா பஞ்சாப் அணி. அன்று சென்னை சிட்டி வென்றால் பட்டம் அதற்கே. தவறினால், அதே வேளையில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் அதனைத் தட்டிச் செல்லும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. அரங்கில் கூடியிருந்தோர் நெஞ்சம் எத்துணை வாடியிருக்கும்! இடைவேளைக்குப் பின்னரே ஆட்டம் திரும்பியது. பெத்ரோ மான்சி தண்ட உதையால் ஒரு கோல் அடித்தார். காப்பு வீரராகிய கௌரவ் போரா இரு கோல்கள் அடித்தார். மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் சென்னை சிட்டி வென்றது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளோடு நிற்க, இஃது 43 புள்ளிகளோடு முதலிடம் பெற்றது. ஐ-லீக் பட்டத்தை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் இதுவே. அணியைப் பயிற்றுவித்த அக்பர் நவாஸ் சிங்கப்பூரைச் சேர்ந்தவர்.

வென்ற அணிக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் மேலேறுதற்கு ஒரு படி கிடைக்கவில்லை.

உலகின் பெரும்பாலான நாடுகளில் கால்பந்துத் தொடர்கள் மாடிவீடு போல் அடுக்கடுக்காக அமைந்தவை. ஓர் அடுக்கில் முதலிடம் பெறும் கழகம் அடுத்த பருவத்தில் மேல் அடுக்குக்குச் செல்லும். மேல் அடுக்கில் கடைசியில் நிற்கும் கழகம் கீழே இறங்கும். இதனை ஏற்றம் என்றும் இறக்கம் என்றும் கூறுவர். சிற்றூர்க் கழகம் ஒன்று பெருநகர்க் கழகங்களோடு தோள் உரசி நிற்பது இந்த ஏணியினால்தான். இந்தியாவிலோ 2014ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியன் சூப்பர் லீக் இவ்வகையில் அமையவில்லை. அதன் கழகங்கள் கட்டணம் செலுத்தி இடம்பெற்றவை. பெங்களூருக் கழகம் 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் ஐ-லீக் பட்டம் பெற்றிருந்தது. எனினும் 2017ஆம் ஆண்டில் அது சூப்பர் லீகினுள் நுழைந்தது பட்டத்தைக் காட்டியன்று, இடத்திற்கு விலை கூறியே.

இந்நிலையின் கொடுமையை முதலில் நன்கு உணர்ந்தவர் மிசோரம் மாநிலத்து ஐசால் நகர மக்கள். அவர்தம் கழகம் 2016ஆம் ஆண்டில் ஐ-லீகிலிருந்து இறக்கப்பட்டது. அவ்வாண்டே, புதிய ஏற்பாட்டினை ஏற்காத கோவா மாநிலத்துச் சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் ஆகிய கழகங்கள் தொடரை விட்டு விலகின. இடம் காலியாகவே ஐசால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. இறங்கிய வழியே திரும்பி வந்த அக்கழகம், 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஷில்லாங்கில் ஆடிச் சமன் செய்து, மோகன் பகான் கழகத்தை ஒரு புள்ளியால் முந்தி நாட்டின் பட்டத்தையே வென்றது. காலித் ஜமீல் அதன் பயிற்சியாளர். அடுத்த பருவத்தில் அக்கழகம் சூப்பர் லீகில் சேர்க்கப்படவில்லை.

ஐசாலும் ஷில்லாங்கும் மலை நகரங்கள். அங்கே மழை பெரிது. இயற்கைப் புல் தரை சில ஆட்டங்களிலேயே சேறாகிவிடும். ஆதலின் அவ்வூர் அரங்குகளில் செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. ஐசால் வென்ற இறுதி ஆட்டமும் அத்தகைய களத்தில் நிகழ்ந்ததே.

செயற்கைப் புல் யாது என்பதை நூலோடு பழகிய வீரபாண்டிச் சிறுவனுக்கு விளக்குதல் மிக எளிது. அதுவும் இழையே. பாலிஎத்திலீன் என்னும் நெகிழிப் பொருளைப் பச்சை நிறத்தில் பட்டை இழையாக இழுத்து, வரிசையாக நிற்கும் ஊசிகளால் ஓர் அடித்துணியில் குத்திச் செருகுவர். பின்னலாடையில் நூல் தன்னோடு தானே கண்ணிகோத்துத் துணியாகும். இங்கோ முன்னரே நெய்த துணியில் இழை நடப்படுகிறது. இழை கழன்றுவிடாதிருக்க அடிப்புறத்தில் பசை பூசுவர். பின்னர் அதனைக் களத்தில் விரித்து, இழைகளுக்கிடையே மணலையும் ரப்பர்த் துகளையும் தூவுவர். அத்துகளிற் பெரும்பகுதி தேய்ந்த வண்டிச் சக்கரங்களின் ரப்பரை அரைத்துச் செய்தது.

மழைக்கு அஞ்சாமை இதன் முதற் சிறப்பு. இயற்கைப் புல்லுக்கு ஓய்வு வேண்டும், இதற்கு வேண்டா. காலையில் பள்ளிச் சிறுவரும், பகலில் மகளிர் அணியும், இரவில் விளக்கொளியில் வேலை முடித்து வருவோரும் இதில் ஆடலாம். வாடகையும் வரும். சிறு கழகத்திற்கு இவ்வருவாய் பெரிதன்றோ? குறைகளும் உள. பந்து இதில் வேறுவகையாகத் துள்ளும். சறுக்கி விழுவோர் தோல் உராய்ந்து புண்ணாகும். வெயிலில் தரை புல்தரையினும் மிகுதியாகச் சுடும். கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலில் நண்பகல் வேளை அதன்மேல் வெறுங்காலோடு நிற்பது இயலாது. அதன் ரப்பர்த் துகள் காற்றிலும் நீரிலும் சிதறிக் கேடு விளைவிக்கும் என்று கருதி, 8 ஆண்டுக் கெடுவுக்குப்பின் அதன் விற்பனையை நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் விதி செய்தது.

தரை மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்கு வளைகோற் பந்தாட்டம் சான்று. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் அவ்வாட்டம் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்தது. புல்தரையில் பெரும்புகழ் பெற்றிருந்த இந்தியா ஏழாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மாஸ்கோவில், அதுபோன்ற தரையிலேயே, தமிழ்நாட்டு வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கப் பதக்கத்தை மீட்டது. ஆகவே, எல்லார்க்கும் தரை ஒன்றாக இருத்தல் வேண்டும் என்று கேட்போர் வீண் வழக்குப் பேசுகின்றனர் எனத் தள்ளிவிட முடியாது.

களமும் ஏற்றமும் ஒரே வழக்காக எழுந்த நாடு ஸ்காட்லாந்து. அங்கே ஏணி உண்டு. ஆனால் ஏணியின் மேற்படியில் ஒரு நிபந்தனை காத்து நின்றது. மேல் அடுக்கில் ஆடும் கழகத்தின் அரங்கில் 10,000 இருக்கைகள் இருத்தல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. ஃபால்கர்க் என்னும் ஊர்க் கழகம் 2003ஆம் ஆண்டில் இரண்டாம் அடுக்கில் முதலிடம் பெற்றது. அதன் பழைய அரங்கு விதிக்கு ஒத்துவரவில்லை. வேறொரு கழகத்தின் அரங்கைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று கேட்டது. மேல் அடுக்குக் கழகங்கள் இணங்கவில்லை. விளைவு என்ன? மேல் அடுக்கில் கடைசியில் நின்ற மதர்வெல் கழகம் இறங்காமல் தப்பியது. வென்றவர் கீழே நிற்கத் தோற்றவர் மேலே இருந்தனர். மறு ஆண்டு இன்வர்னஸ் கழகம் வென்றபொழுது, தொலைவிலுள்ள அபர்தீன் நகரத்து அரங்கைத் தன் களமாக ஏற்று ஆடவேண்டியதாயிற்று. பின்னர் இருக்கை எண்ணிக்கை 6,000 ஆகக் குறைக்கப்படவே, 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது தன் ஊர் திரும்பியது. மக்கள் பாதுகாப்பாக அமர்தற்கு விதி தேவையே. ஆனால் 10,000 என்னும் எண்ணை ஓராண்டில் 6,000 ஆக்க முடிந்ததெனின், முன்னைய எண் பாதுகாப்பிற்காக மட்டும் எழுதப்பட்டதா என்னும் ஐயம் எழாமற் போகாது.

ஃபால்கர்க் பின்னர்ப் புதிய அரங்கு கட்டியது. 2013ஆம் ஆண்டில் அதில் செயற்கைப் புல் விரித்தது. குளிரிலும் மழையிலும் புல் அழிந்துபோகும் அந்நாட்டில் கில்மார்நாக், லிவிங்ஸ்டன் முதலிய கழகங்களும் அவ்வழியையே மேற்கொண்டன. பெரிய கழகங்களின் ஆட்டக்காரர் பலர் அத்தரையை விரும்பவில்லை. 2024ஆம் ஆண்டில் மேல் அடுக்குக் கழகங்கள் கூடி, 2026-27ஆம் பருவம் முதல் அவ்வடுக்கில் செயற்கைப் புல் கூடாது என்று தீர்மானித்தன. மறு ஆண்டு, 2025இல், இரண்டாம் அடுக்கில் மீண்டும் முதலிடம் பெற்று மேலேறியது ஃபால்கர்க். முன்பு இருக்கைக் கணக்கால் தடுக்கப்பட்ட கழகத்தை இம்முறை புல்லின் கணக்கு எதிர்நோக்கி நின்றது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: இவ்விதி முன்கூட்டியே காலக்கெடுவுடன் அறிவிக்கப்பட்டது; கதவைச் சாத்தவில்லை, உள்ளே வருவோர் செய்யவேண்டியதைச் சொன்னது. அதன் செலவைச் சிறு கழகம் எங்ஙனம் தாங்கும் என்பது வேறு வினா.

இந்தியாவில் கதவு திறக்க நாளாயிற்று. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் துணையோடு ஒரு வழித்திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி, 2022-23ஆம் பருவம் முதல், ஐ-லீகில் முதலிடம் பெறும் கழகம் உரிமத் தகுதிகளை நிறைவு செய்தால் நுழைவுக் கட்டணமின்றிச் சூப்பர் லீகில் சேரலாம். இடையே 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற கேரளத்துக் கோகுலம் கழகத்திற்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 2023இல் பஞ்சாப் கழகமே முதன்முதலில் அவ்வழியே மேலேறியது. 2024இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் தொடர்ந்தது. ஏற்றம் வந்தும், 2024-25ஆம் பருவம் முடியும்வரை சூப்பர் லீகிலிருந்து ஒரு கழகமும் இறக்கப்படவில்லை.

பஞ்சாப் கழகம் மேலேறியபொழுது, கோயம்புத்தூரில் அன்று 43 புள்ளிகள் ஈட்டிய சென்னை சிட்டி ஐ-லீகில் இல்லை. 2021-22ஆம் பருவத்து அணிகளின் வரிசையிலேயே அதன் பெயர் இடம்பெறவில்லை.