தாயைக் காணாத குஞ்சுகள்

கம்பத்து வீட்டுக் கொல்லையில் பொரிந்த கோழிக்குஞ்சு, ஓரிரு நாளிலேயே தாயோடு சேர்ந்து மண்ணைக் கிளறத் தொடங்கிவிடும். தாயின் எச்சம் கலந்த மண்ணையும் அது கொத்தித் தின்னும். பார்ப்பவருக்கு அருவருப்பாகத் தோன்றும் இச்செயல்தான் குஞ்சுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. முட்டையை விட்டு வெளிவரும்போது அதன் குடலில் நுண்ணுயிரிகள் மிகக் குறைவு. தாயிடமிருந்து வரும் நல்ல நுண்ணுயிரிகளே அங்கு முதலில் குடியேறுகின்றன.

பண்ணைக் குஞ்சுக்கு இந்த வாய்ப்பு இல்லை. முட்டைகள் 21 நாள்கள் இயந்திரத்தில் அடைகாக்கப்படுகின்றன. பொரிந்த குஞ்சுகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் கொட்டகைக்குச் செல்கின்றன. அவற்றின் குடலில் சால்மொனெல்லா போன்ற தீய நுண்ணுயிரி முதலில் நுழைந்துவிட்டால், அதுவே அங்கு இடம்பிடித்துக்கொள்ளும்.

1971இல் பின்லாந்து நாட்டுக் கோழிப் பண்ணைகளில் சால்மொனெல்லா பரவியது. நூர்மி, ரந்தாலா எனும் ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்தனர். வளர்ந்த சேவல்களின் குடலில் உள்ளவற்றை நீரில் கரைத்து, பொரிந்த குஞ்சுகளுக்குப் புகட்டினர். பிறகு சால்மொனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான குஞ்சுகளை அது தொற்றவில்லை. இருக்கைகள் நிரம்பிய பேருந்தில் புதிதாக ஏறுபவருக்கு இடம் கிடைக்காததைப் போன்றதே இது. 1973இல் இம்முடிவு வெளியானது.

ஆனால், அதற்கு வெகுகாலம் முன்பே பண்ணைகள் வேறு வழியில் இறங்கியிருந்தன. தீவனத்தில் சிறிதளவு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்தால் குஞ்சுகள் வேகமாக வளர்வதை 1940களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நோயில்லாத கோழிகளும் நாள்தோறும் மருந்தைத் தின்றன. நாளடைவில், அம்மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரிகள் பெருகின. அவை மனிதரைத் தொற்றினால் மருத்துவர் எதைக் கொடுப்பார்? இந்த அச்சத்தால், வளர்ச்சிக்காக மருந்து கலப்பதைச் சுவீடன் 1986இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் தடை செய்தன. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்க மலேசியா 2019இல் தடை விதித்தது.

இன்று பல பண்ணைகள் புரோபயாட்டிக் எனப்படும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகளை நாடுகின்றன. லாக்டோபேசிலஸ் வகை குடலில் அமிலத்தைச் சுரந்து, தீய நுண்ணுயிரிகளை அடக்குகிறது. குடல் நலமாக இருந்தால் தின்ற தீவனம் வீணாகாமல் உடலில் சேரும். பண்ணைச் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்திற்கே போவதால், இது சிறிய ஆதாயமன்று.

எனினும், இது மந்திரமும் அன்று. துப்புரவற்ற, நெரிசலான கொட்டகையை எந்த நுண்ணுயிரியாலும் சரிசெய்ய முடியாது. பயன்படுத்தும் முறையிலும் கவனம் தேவை. குருணைத் தீவனம் தயாரிக்கும்போது ஏற்படும் வெப்பத்தில் லாக்டோபேசிலஸ் மடிந்துவிடும். பேசிலஸ் வகையோ உறையுடைய வித்தாக மாறி அதைத் தாங்கும். குடிநீரில் கலப்பதாக இருந்தால் அதில் குளோரின் இருக்கக்கூடாது. குஞ்சுகள் கொட்டகைக்கு வந்த முதல் நாளிலேயே கொடுப்பது நல்லது. தீய நுண்ணுயிரி முந்திக்கொண்டால், பிறகு அதை விரட்டுவது கடினம்.